இறால்களோடு உறங்கிய தங்கக் கண்ணாடி

மைனஸ் இருநூற்று முப்பது என்று படிவத்தில் எழுதியது நான்தான். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ‘பொருளுக்குத் தேவையான வெப்பநிலை’ என்று ஒரு கட்டம் இருந்தது. ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கலாம். ஆனால் எட்டு மாதம் ஒரே கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றியவளுக்கு, அது எவ்வளவு பெரிய இடத்துச் சமாச்சாரம் என்று கப்பல் ஏற்றுகிறவர்களுக்கும் தெரிய வேண்டும் என்று ஒரு அரிப்பு. எழுதினேன். பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறியும் போட்டேனோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

கண்ணாடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் சின்னது. முகத்தில் தங்க முலாம். அகச்சிவப்பு ஒளியைப் பார்க்கும் விண்வெளித் தொலைநோக்கி ஒன்றுக்காகத் தயாராகும் கேமராவின் மாதிரிக் கண்ணாடி. அதாவது விண்வெளிக்குப் போகப்போவது இது இல்லை, இதன் தங்கை. மைனஸ் இருநூற்று முப்பது டிகிரியில், காற்றே இல்லாத கலத்துக்குள் அக்கா படவேண்டிய பாடெல்லாம் பட்டுக் காட்டினால்தான் தங்கைக்கு வழி பிறக்கும்.

நான் வேலை பார்ப்பது ஐரோப்பாவின் வடக்கு மூலையில், மழை நின்றால் ஊரே வெளியே வந்து வேடிக்கை பார்க்கும் ஒரு நகரத்தில். சோதனை நடக்கவேண்டியது தமிழ்நாட்டு மலை ஒன்றின் மேலிருக்கும் ஆய்வகத்தில். சோதனைக்கான இரும்புக் கலம் ஆள் உயரம். அது சரக்குப் பெட்டகத்தில் ஏறிக் கப்பலில்தான் போகமுடியும். ‘அந்தப் பெட்டகத்தில் இடம் இருக்கிறதே, கண்ணாடியையும் அதிலேயே போட்டுவிடலாம்’ என்று எங்கள் நிர்வாகம் கண்டுபிடித்தது. எங்கள் கட்டடத்தில் அந்த வருடம் நடந்த பெரிய கண்டுபிடிப்பு அதுதான். மலை ஆய்வகம் எங்களுக்கு ஒதுக்கியது ஒரே ஒரு வாரம், திங்கட்கிழமை தொடங்கி. தவறவிட்டால் அடுத்த வாய்ப்பு அரை வருடம் கழித்து. கலம் முன்னாலேயே லாரியில் மலைக்குப் போய்விடும்; தூத்துக்குடிக்குப் போய், கண்ணாடியை விடுவித்து, கையோடு மலையேற்றுவது என் பொறுப்பு.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு ரயிலைவிட்டு இறங்கினேன். நடைமேடை அதற்குள்ளாகவே என்னை அவிக்கத் தொடங்கியிருந்தது. காற்றே உப்பாக இருந்தது. நான் இருக்கும் ஊரில் கோடையில் இருபத்தைந்து டிகிரி தொட்டால் அலுவலகத்தில் மன்னிப்புக் கேட்கிற தொனியில் சுற்றறிக்கை வரும். இங்கே அந்த இருபத்தைந்து டிகிரிக்குக் குளிரூட்டப்பட்ட அறை என்று பெயர்.

ஆட்டோக்காரர் என் பெட்டியில் ஒட்டியிருந்த ஆய்வகச் சீட்டைப் பார்த்தார்.

“குலசேகரப்பட்டினத்து ராக்கெட்டுக்கு வந்தியளா?”

“இல்ல அண்ணாச்சி. துறைமுகத்துல ஒரு கண்ணாடி எடுக்கணும்.”

“ராக்கெட்டுல போற கண்ணாடியா?”

“போற கண்ணாடியோட அக்கா.”

அவர் வண்டியைக் கிளப்பினார். “அதெல்லாம் இருக்கட்டும். அங்கன பக்கத்துல ஒரு அஞ்சு சென்ட் வாங்கிப் போடலாமா, வேண்டாமா? அத மட்டும் சொல்லுங்க.”

பிரபஞ்சத்தின் முதல் விண்மீன் கூட்டங்களைப் பற்றி என்னிடம் மூன்று உரைகள் தயாராக இருந்தன. ஐந்து சென்ட்டைப் பற்றி ஒன்றும் இல்லை.

துறைமுகச் சாலையில் நிலக்கரி லாரிகளுக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் நின்றோம். முன்னால் இருந்த லாரி தார்ப்பாயைத் தலைமுக்காடு மாதிரி அரைகுறையாகப் போட்டிருந்தது. நகரும்போதெல்லாம் எங்கள்மேல் கொஞ்சம் கரி தூவியது. கண்ணாடி செய்யும் இடத்தில் ஒரு கன அடிக் காற்றில் எத்தனை தூசு என்று எண்ணிக்கொண்டிருந்தவள் நான். இங்கே தூசுக்குள் காற்று எத்தனை என்றுதான் எண்ணவேண்டும்.

சரக்குப் பெட்டகங்களைத் திறந்து சோதிக்கும் கிடங்கின் வாசலில் லிங்கம் அண்ணாச்சி நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும். சட்டைப்பையில் நான்கு பேனா, கக்கத்தில் ஒரு கோப்பு. துறைமுகத்துக்கு வரும் சரக்குக்குக் காகிதம் போட்டு வெளியே எடுத்துத்தரும் ஏஜென்ட்டின் ஆள். என்னைக் கண்டதும் துக்க வீட்டுக்கு வந்தவர் போல் முகத்தை வைத்துக்கொண்டார்.

“தாயி, ஒரு சின்ன வருத்தம். மன்னிச்சுக்கிடணும். நீங்க கேட்டிருந்த மைனஸ் இருநூத்தி முப்பது இங்கன எங்கயும் கிடைக்கல. எவ்வளவோ விசாரிச்சுப் பாத்துட்டேன். இருவதுதான் முடிஞ்சுது.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது உட்கார இடம் தேடினேன்.

தூத்துக்குடியிலிருந்து கப்பலேறுவதில் இறாலும் கணவாயும் ஏராளம். வெப்பநிலைக் கட்டத்தில் மைனஸ் என்று எழுதியிருந்தால், வெயிலில் ஒரு மணி நேரம் கிடந்தாலும் சரக்கு நாறிவிடும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். யாருடையது, என்ன பொருள் என்றெல்லாம் பார்க்காமல் முதலில் குளிரில் தூக்கிவைப்பார்கள். மற்ற பேச்செல்லாம் அதற்கப்புறம். அந்த நல்ல பழக்கத்தின்படி, என் பெட்டி பெட்டகத்திலிருந்து இறங்கிய பத்தாவது நிமிடம் இறால் அறைக்குள் போயிருந்தது. ஐந்து நாட்களாக அங்கேதான் உறங்குகிறது. லிங்கம் அண்ணாச்சி தினமும் போய்ப் பார்த்து வந்திருக்கிறார்.

மைனஸ் இருநூற்று முப்பது அது வேலை செய்யவேண்டிய குளிர். பயணம் செய்யவேண்டியது சாதாரண அறை வெப்பத்தில். இதை நான் படிவத்தில் எழுதவில்லை, ஏனென்றால் அதில் பெருமை ஒன்றும் இல்லை.

குளிரறையின் பொறுப்பாளர் ஜெசிந்தா. என் வயதுதான் இருக்கும். மீன்வளம் படித்தவர். முழங்கால் வரை பூட்ஸ், தலையில் வலைத்தொப்பி, கையில் துப்பாக்கி மாதிரி ஒரு வெப்பமானி. கொரோனா காலத்தில் எல்லோர் நெற்றியிலும் நீட்டினார்களே, அதன் அண்ணன். என்னை வாசலிலேயே நிறுத்தினார்.

“மோதிரம், வாட்ச், கம்மல் எல்லாம் கழட்டிருங்க மேடம். நகத்தைக் காட்டுங்க.”

“நான் சுத்த அறையில வேலை செய்யறவதான்.”

“நகம்,” என்றார்.

இடதுகைச் சுட்டுவிரலில் நகம் வளர்ந்திருந்தது. வெட்டிவிட்டுத்தான் உள்ளே போனேன். எங்கள் ஆய்வகத்தில் யாரும் என் நகத்தைப் பார்த்ததே இல்லை; பிஎச்டி முடித்தவள் என்றால் நகம் தானாகச் சுத்தமாக இருக்கும் என்று அங்கே நம்புகிறார்கள்.

இறால் அட்டைப்பெட்டிகளின் நடுவே, மரச்சட்டம் போட்ட என் பெட்டி உறைபனி பூத்து நின்றது. ஜெசிந்தா துப்பாக்கியை நீட்டினார். மைனஸ் பதினெட்டு.

“இந்த ஊரிலேயே அகச்சிவப்பு வானியல் செய்யற ஒரே ஆள் நீங்கதான்,” என்றேன். “உங்க கையில இருக்கறதும் நான் செய்யற கேமராவும் ஒரே சாதிதான். இது இறால் சூட்டைப் பார்க்குது, அது விண்மீன் சூட்டைப் பார்க்குது.”

“அப்ப ஒங்களுக்கு வேலை லேசு,” என்றார் ஜெசிந்தா. “விண்மீன் நாறாதுல்லா.”

குளிரால் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அது பிறந்ததே குளிருக்காக. ஆபத்து வெளியே வரும்போதுதான். ஈரமற்ற வாயு நிரப்பி மூடிய பைக்குள் இருக்கும்வரை பத்திரம். குளிர்ந்த நிலையில் பையைத் திறந்தால், தூத்துக்குடிக் காற்றில் இருக்கும் ஈரம் முழுக்க ஓடிவந்து அதன்மேல் உட்காரும். தங்க முலாம் தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தடிமன் இல்லாதது. துடைத்தால் கீறல், துடைக்காவிட்டால் கறை. எப்படிப் பார்த்தாலும் எட்டு மாதமும் அரை வருடமும் போச்சு. திறக்காமல், மெதுவாக, கிட்டத்தட்ட ஒரு நாள் எடுத்து அறைச்சூட்டுக்குக் கொண்டுவரவேண்டும். ஜெசிந்தா தலையாட்டினார். ஆனால் சுங்க அதிகாரி பார்க்காமல் பெட்டியை ஒரு அடிகூட நகர்த்த முடியாது என்றார் லிங்கம் அண்ணாச்சி. அவர் வெள்ளிக்கிழமைதான் வருவார்.

அன்று சாயங்காலம் பொரித்த பரோட்டா சாப்பிட்டேன். எண்ணெயில் மூழ்கி எழுந்து, சால்னாவில் மறுபடி மூழ்கும் பதார்த்தம். பக்கத்து மேசையில் இரண்டு பிலிப்பைன்ஸ் மாலுமிகள். ஒருவர் இன்னொருவரிடம் ஆங்கிலத்தில் குறைப்பட்டுக்கொண்டிருந்தார்: “கடல் முழுக்க மீன். இறங்கி நடந்தால் கடைக்குக் கடை கோழி. இந்த ஊர்க்காரர்கள் மீனையெல்லாம் யாருக்கு அனுப்புகிறார்கள்?” எனக்குப் பதில் தெரியும். நான் இருக்கும் மழை நகரத்தின் அங்காடியில் உறைந்த இறால் பொட்டலங்களைப் பார்த்திருக்கிறேன். இறால் அங்கே போகிறது, கண்ணாடி இங்கே வருகிறது. இரண்டும் ஒரே அறையில் சந்தித்துக்கொண்டதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

வெளிநாட்டுத் தோழி ஒருத்திக்கு முத்து வாங்கவேண்டியிருந்தது. முத்துக்குளித்துறைக்குப் போகிறாயே என்று ஆசையாகக் கேட்டிருந்தாள். எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று லிங்கம் அண்ணாச்சியைப் போனில் கேட்டேன். “முத்தா? அது சீனாவுலேர்ந்து கண்டெய்னர்ல வருது தாயி. நானே ரெண்டு தடவ கிளியர் பண்ணிக் குடுத்திருக்கேன்.”

வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்குச் சுங்க அதிகாரி வந்தார். திருச்சிப் பக்கம். தடித்த மூக்குக்கண்ணாடி, பொறுமையான குரல். இரண்டும் சேர்ந்தால் எனக்குப் பயம்.

“மேடம், நிவேதாங்கறது நீங்கதானே? காகிதத்துல கோல்டுன்னு போட்டிருக்கு. எத்தனை பவுன்?”

“பவுன் கணக்கெல்லாம் இல்ல சார். ரொம்ப மெல்லிசு.”

“மெல்லிசுன்னா எவ்வளவுன்னு எழுதணும்ல?”

கோப்பின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். பரப்பளவு, தடிமன், தங்கத்தின் அடர்த்தி. கிட்டத்தட்ட அறுபது மில்லிகிராம். அதிகாரியின் முகத்தில் மாற்றம் இல்லை. லிங்கம் அண்ணாச்சி உதவிக்கு வந்தார்.

“அரைக் குண்டுமணி சார். அரைக் குண்டுமணிக்கா இவ்வளவு பெரிய பெட்டி! என் வீட்டுக்காரி மூக்குத்தியே இதவிடக் கூட.”

“அப்ப இது தங்கம் இல்ல. கவரிங்,” என்றார் அதிகாரி.

நான் வாயைத் திறந்தேன். வெற்றிடக் கலத்தில் தங்கத்தை ஆவியாக்கி, அணு அணுவாகப் படியவைத்து, ஒவ்வொரு படலத்தையும் அளந்து, இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை வென்றது. அகச்சிவப்பைத் தங்கம் மாதிரித் திருப்பி அனுப்பும் உலோகம் அரிது என்பதால்தான் இத்தனை பாடு. அதையெல்லாம் சொல்ல ஆரம்பிப்பதற்குள் லிங்கம் அண்ணாச்சி என் காலை மிதித்தார். வாயை மூடிக்கொண்டேன். அதிகாரி ‘தங்கக் கவரிங் போட்ட கண்ணாடி, ஒன்று’ என்று எழுதினார். அரசாங்க ஆவணத்தில் அது இன்றுவரை அப்படித்தான் இருக்கிறது.

“சரி, திறங்க. கண்ணால பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுடறேன்.”

“சார், இப்பத் திறக்கக்கூடாது. நாளைக்கு…”

“நாளைக்குச் சனிக்கிழமை. திறக்கறதா இருந்தா இப்ப, இல்லாட்டித் திங்கக்கிழமை.”

திங்கட்கிழமை நான் மலையில் இருக்கவேண்டும். விளக்கினேன். பனிநிலை என்றேன், ஈரப்பதம் என்றேன், மூலக்கூறு என்றேன். வெளிநாட்டுக் கருத்தரங்குகளில் இப்படி விளக்கினால் யாராவது எழுந்து ‘மிகவும் சுவாரசியம்’ என்பார்கள். ‘எனக்கு ஒன்றும் புரியவில்லை, உட்கார்’ என்பதற்கு அங்கே அதுதான் மரியாதையான சொல். அதிகாரி அந்த மரியாதையைக்கூடத் தரவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார்.

ஜெசிந்தா குறுக்கே வந்தார். “திறக்கது இருக்கட்டும் சார். பொருளு இங்கனதான் இருக்குன்னு நீங்க ஒரு தடவ நேர்ல பாத்திரணும்லா. வாங்க, ரெண்டே நிமிசம்.”

அதிகாரிக்கு ஒரு கம்பளிக்கோட்டும் தொப்பியும் கொடுத்து உள்ளே கூட்டிப்போனார். நானும் பின்னால் போனேன். பெட்டியைக் காட்டினார். முத்திரையைக் காட்டினார். பிறகு சம்பந்தமே இல்லாமல் இறாலைப் பற்றிப் பேசினார்: எது வெள்ளை, எது வரி, எது எந்த நாட்டுக்கு. ஐந்து நிமிடம். என் பற்கள் தந்தியடிக்கத் தொடங்கிவிட்டன. அதிகாரி மூக்கைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தார். கிடங்கின் வெக்கையில் காலை வைத்த அதே நொடியில் அவருடைய மூக்குக்கண்ணாடி இரண்டு பக்கமும் பால்போல் வெளுத்தது.

அப்படியே நின்றுவிட்டார். கழற்றி, கைக்குட்டையால் துடைத்து, மறுபடி மாட்டினார். மறுபடி வெளுத்தது. மறுபடி துடைத்தார். நீர் முத்து முத்தாக வழிந்தது.

“சார் இப்பத் தொடைக்கிய,” என்றார் ஜெசிந்தா. “பெட்டிக்குள்ள இருக்கதத் தொடைச்சா அந்த அரைக் குண்டுமணியும் ஒங்க கர்ச்சீப்போட வந்துரும். பொறவு நீங்க எழுதுனதுக்குப் பொருளே இருக்காது.”

அதிகாரி கண்ணாடி இல்லாத கண்களால் எங்கள் எல்லோரையும் உத்தேசமாகப் பார்த்தார்.

“நாளைக்குப் பதினோரு மணி,” என்றார். “பதினொன்னு பத்து ஆச்சுன்னா நான் கிளம்பிடுவேன்.”

மூன்று பட்டங்களும் ஆறு கட்டுரைகளும் உள்ள நான் செய்யமுடியாததை ஒரு மூக்குக்கண்ணாடி செய்தது. எரிச்சலாகவும் இருந்தது, கட்டிப்பிடித்துக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது. இந்த இரண்டும் சேர்ந்து வருவதுதான் எங்கள் தொழிலில் இருக்கும் சுகம் என்று நினைக்கிறேன். வேலையை அனுபவித்துச் செய்கிறாயா என்று கேட்கிறவர்களிடம் இதைச் சொல்லமுடியாது. ஆமாம் என்று சொன்னாலே, ‘அதனால யாருக்கு என்ன பிரயோசனம்’ என்பதுதான் அடுத்த கேள்வி.

பெட்டியைக் குளிரறையிலிருந்து நான்கு டிகிரி முன்னறைக்கு மாற்றினோம். உள்ளே வைத்திருந்த சிறிய உணரி என் கைபேசிக்கு வெப்பநிலையை அனுப்பிக்கொண்டிருந்தது: மைனஸ் பதினாறு, மைனஸ் பதினான்கு. செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லை. ஜெசிந்தா மதியச் சாப்பாட்டைத் திறந்தார். தயிர்ச்சோறு, நார்த்தங்காய்.

“மீன் இல்லையா?”

“நாள் முழுக்க அதத்தான பாக்கேன். வீட்டுல அம்ம இறால் வச்சாலே நான் குசினிப் பக்கம் போறதில்ல. நீங்க வீட்டுக்குப் போயும் வானத்தப் பாப்பியளா?”

பார்ப்பேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அதற்குப் பதிலாக அவருடைய வெப்பத் துப்பாக்கியை வாங்கினேன். கிடங்கு முற்றத்தின் சிமெண்ட் தரையில் நீட்டினேன். ஐம்பத்தி இரண்டு. நிழலில் நின்றிருந்த லிங்கம் அண்ணாச்சியின் நெற்றியில் நீட்டினேன். முப்பத்தைந்து. பிறகு தலைக்கு நேர் மேலே, மேகமில்லாத வானத்தில் நீட்டினேன். ஆறு.

“ஆறா?” அதிகாரி இன்னும் கிளம்பியிருக்கவில்லை. துப்பாக்கியை என் கையிலிருந்து வாங்கினார். வானம், ஆறு. தரை, ஐம்பத்தி இரண்டு. மறுபடி வானம். “இந்த வேக்காட்டுல மேல ஆறு டிகிரியா? பேட்டரி போயிருக்கும்.”

“இல்ல சார். மேல இருக்கற ஈரத்தோட சூடுதான் இந்த ஆறும். சூடா இருக்கற எல்லாமே கண்ணுக்குத் தெரியாம ஒளிருது. தரை, நாம, காத்துல இருக்கற ஈரம், தொலைநோக்கிகூடத்தான். கல்யாண மண்டபத்துச் சீரியல் விளக்குக்குள்ள நின்னு மின்மினி தேடற மாதிரி. அதனாலதான் பெரிய தொலைநோக்கியைப் பதினஞ்சு லட்சம் கிலோமீட்டர் தள்ளி, டென்னிஸ் மைதானம் அளவு குடைக்குப் பின்னால குளிர்ல நிறுத்தியிருக்காங்க.”

“அப்ப ஒங்களுக்கும் எங்களுக்கும் எடஞ்சல் ஒண்ணுதான்னு சொல்லுங்க,” என்றார் லிங்கம் அண்ணாச்சி, துண்டால் கழுத்தைத் துடைத்தபடி. “வேர்வை.”

எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

அதிகாரி வானத்தைச் சுட்டுக்கொண்டே இன்னும் கால் மணி நேரம் நின்றார். ஒரு சின்ன மேகம் வந்தபோது எண் பதினேழுக்கு ஏறியது. “ஏறுது! ஏறுது!” என்று கத்தினார். சுங்கத்துறையில் இருப்பவர் ஒரு எண் ஏறுவதற்கு இப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை காலை கண்ணாடி இருபத்தி இரண்டு டிகிரியில் இருந்தது. பெட்டியைக் கிடங்கு மேலாளரின் ஏசி அறைக்கு மாற்றியிருந்தார்கள். பத்தே முக்காலுக்கு அதிகாரி வந்தார். அறைக்குள் நான், ஜெசிந்தா, லிங்கம் அண்ணாச்சி, அதிகாரி. பிறகு தங்கம் என்று கேள்விப்பட்டுக் கிடங்கில் பாதிப் பேர். எல்லோருக்கும் ஜெசிந்தா வலைத்தொப்பியும் முகமூடியும் கொடுத்தார். ஏசி மூச்சுத்திணறியது.

மரச்சட்டத்தைக் கழற்றி, நுரைக்கட்டைகளை எடுத்து, வெளிப்பையைப் பிரித்தேன். ஒளி ஊடுருவும் உள்பைக்குள் கண்ணாடி கிடந்தது. ஒரு துளி ஈரம் இல்லை. ஈரம் பட்டால் இளஞ்சிவப்பாக மாறும் அட்டை, பளிச்சென்ற நீலத்தில் இருந்தது. அறையில் இருந்த எல்லா முகங்களும் பொன்னிறமாக அதற்குள் எட்டிப் பார்த்தன. அதிகாரி குனிந்து பார்த்தார். தொப்பிக்கு வெளியே வந்திருந்த முடியை அதைப் பார்த்தே சரிசெய்தார். கையெழுத்துப் போட்டார். மணி பதினொன்று ஐந்து.

முடிந்தது. பெட்டியை மூடி வண்டியில் ஏற்றியிருக்கவேண்டும். யாரும் என்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. இதை நான் நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன்: யாரும் கேட்கவில்லை.

“ஒரு நிமிஷம்,” என்றேன். “ஒண்ணு காட்டறேன்.”

உள்பையைத் திறந்தேன். இரண்டு நாட்களாக ‘திறக்கக்கூடாது, திறக்கக்கூடாது’ என்று ஒரு துறைமுகத்தையே படுத்திய நானே திறந்தேன். ஜெசிந்தாவிடம் துப்பாக்கியைக் கண்ணாடியை நோக்கிச் சாய்வாகப் பிடிக்கச் சொன்னேன். மூன்றடி தள்ளி மேலாளரின் மேசைமேல் அப்போதுதான் கொண்டுவந்த டீ இருந்தது. கோணத்தைச் சரிசெய்தேன்.

“அறுவத்தொண்ணு!” என்றார் ஜெசிந்தா. “கண்ணாடி சுட்டுப்போச்சா?”

“கண்ணாடி சுடல. அது டீயைப் பாத்துக்கிட்டு இருக்கு.”

லிங்கம் அண்ணாச்சி டீயையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கண்ணாடி வழியாகத் தங்கள் சூட்டைப் பார்க்கவேண்டியிருந்தது. லிங்கம் அண்ணாச்சி முப்பத்தி நான்கு. அதிகாரி முப்பத்தி மூன்று. “அதிகாரின்னா கொஞ்சம் குளுமையாத்தான் இருக்கணும்,” என்றார் பின்னாலிருந்து ஒருவர். ஒவ்வொரு முகத்துக்கும் நான் குனிந்து குனிந்து கோணத்தை மாற்றினேன். விளக்குவதற்கு வசதியாக முகமூடியைத் தாடைக்கு இறக்கியிருந்தேன். தொப்பியும் நெற்றியைவிட்டு மேலே ஏறியிருந்தது.

“மேடம், நெத்தியத் தொடைங்க,” என்றார் ஜெசிந்தா.

“இதோ,” என்றேன். அடுத்த முகம் முப்பத்தி நான்கரை.

கிளம்பும்போது லிங்கம் அண்ணாச்சி அந்த ஊர் முந்திரி இனிப்பான மக்ரூன் ஒரு பெட்டி கொடுத்தார். “காத்துப் படாமக் கொண்டுபோங்க தாயி. தொறந்தியன்னா பதம் போயிரும்.” மலையுச்சி வரை நான் அதைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை கண்ணாடி கலத்துக்குள் போனது. குளிர்ந்தது, மைனஸ் இருநூற்று முப்பது வரை. வளையவில்லை, வெடிக்கவில்லை. தங்கை விண்வெளிக்குப் போகலாம். ஆனால் அகச்சிவப்புப் படத்தில், நடுவிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, கடுகளவில் மங்கலாக ஒரு புள்ளி இருந்தது. முதல் படத்தில், இரண்டாவதில், எல்லாவற்றிலும் அதே இடத்தில்.

மழை நகரத்திலிருந்து என் மேலாளர் திரையில் வந்தார். “உப்பு மாதிரி இருக்கிறதே,” என்றார். “துறைமுகம், கடற்காற்று, மீன் கிடங்கு. நான் எதிர்பார்த்ததுதான்.” அவர் எதிர்பார்த்தது நடந்ததில் அவருக்கு ஒரு திருப்தி. அந்த வழியே இனி வேண்டாம், அந்த ஏஜென்ட்டையும் மாற்றிவிடலாம் என்று அறிக்கையில் எழுதச் சொன்னார். ‘மாசின் மூலம்’ என்று ஒரு கட்டம் காத்திருந்தது.

எனக்கு ஆத்திரமாக வந்தது. லிங்கம் அண்ணாச்சியும் ஜெசிந்தாவும் காப்பாற்றிக் கொடுத்த கண்ணாடி. நிரூபித்துக் காட்டுகிறேன் என்று, கலத்திலிருந்து எடுத்த பிறகு அந்தப் புள்ளியின் ஓரத்தில் ஒரு துணுக்கை ஒற்றி எடுத்து, என்னென்ன தனிமம் என்று காட்டும் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு அனுப்பினேன். கடலுப்பென்றால் சோடியத்தோடு மக்னீசியமும் இருந்தாகவேண்டும். முடிவு வந்தது: சோடியம் இருந்தது, குளோரின் இருந்தது, பொட்டாசியம் இருந்தது. மக்னீசியம் பேருக்குக்கூட இல்லை. கடல் குற்றவாளி இல்லை! துறைமுகம் குற்றவாளி இல்லை! ஆய்வகத்தில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். மக்ரூன் பெட்டியை அப்போதுதான் திறந்தேன். மொறுமொறு என்று இருந்தது. வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமான முடிவு எனக்கு வந்ததே இல்லை. கிட்டத்தட்ட அரை மணி நேரம் தரையில் கால் பாவாமல் திரிந்தேன்.

அதன்பிறகுதான், மக்னீசியம் இல்லாமல் பொட்டாசியத்தோடு வரும் உப்பு எங்கே ஊறும் என்று யோசித்தேன். இரண்டாவது மக்ரூன் பாதியில் நின்றது.

ஜெசிந்தாவுக்குப் போன் செய்தேன்.

“அன்னைக்கே சொன்னேம்லா,” என்றார். பின்னால் குளிரறைக் கதவு அடைபடும் சத்தம். “என்ன எழுதப்போறிய?”

எழுதிவிட்டேன். மாசின் மூலம்: நிவேதா, நெற்றி. வழி பொருத்தமானது, ஏஜென்ட் பொருத்தமானவர், குளிரறை மிகவும் பொருத்தமானது. மேலாளர் ஒரு வரியில் பதில் போட்டார்: ‘மிகவும் சுவாரசியம்.’

ஒற்றி எடுத்தது போக மிச்சம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டுவிட்டது, துடைத்தால் கீறும். அதனால் அந்தக் கண்ணாடி வழியாக எடுக்கும் ஒவ்வொரு படத்திலிருந்தும் புள்ளியைக் கணினி கழித்துவிடுகிறது. கழிக்கவேண்டியவற்றுக்கெல்லாம் பெயர் வேண்டும் என்பது முறை. எங்கள் குழு பெயர் வைத்திருக்கிறது. வானியலில் ஏதாவது ஒன்றுக்கு என் பெயர் வரவேண்டும் என்று ஆறாம் வகுப்பிலிருந்து எனக்கு ஆசை. இப்போது வந்திருக்கிறது: நிவேதா புள்ளி. படம் திறக்கும்போதெல்லாம் முதலில் அதைத்தான் நீக்குகிறார்கள்.